கவலைக்கும் படியளப்பா?

வாயிலிலே கொள்ளைநோய். உள்ளே மூச்சுத் திணறும் முதியவர். தெருவெங்கும் அடைபட்ட கடைகள். அடுப்பிலே பூனை உறங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து, "உலகம் சூடேறிக்கொண்டிருக்கிறது, பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல் உயர்கிறது, இதற்கு என்ன செய்வதாக எண்ணம்?" என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை என்னவென்று அழைப்பது? தொலைநோக்குடையவன் என்றா, இரக்கமற்றவன் என்றா?

எளிய கேள்வியாகத் தோன்றும், எளிதன்று. அவனை விரட்டிவிட்டால், நாளை வரும் பேரிடர்பற்றி எச்சரிக்க நாட்டிலே ஆளிராது. அவனை அமர்த்தி அவன் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தாலோ, இன்று சாகின்றவரின் முனகல் காதில் விழாது போகும். அருகிலுள்ள துன்பமும் தொலைவிலுள்ள துன்பமும் ஒரே வேளையில் கதவைத் தட்டினால், எதற்குச் செவி சாய்ப்பது அறம்? இரண்டுக்கும் செவி சாய்க்க மனிதனால் இயலுமா? இவற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

கற்பனையிலே பிறந்த கேள்வியன்று இது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள், கொரோனா உலகளாவிய கொள்ளைநோய் என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 23 ஆம் நாள் பிரிட்டன் கதவடைத்தது. 25 ஆம் நாள் இந்தியா கதவடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடவிருந்த ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாடு ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. நாடாள்வோர் அனைவரும் மருத்துவமனைப் படுக்கைகளை எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. "இனிக் காலநிலையைப்பற்றி எவர் பேசப் போகிறார்? பேசினாலும் எவர் கேட்கப் போகிறார்?" என்று அறிஞர் பலரே அயர்ந்து போயினர்.

அவர்கள் அயர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மனிதனின் கவலைக்கு ஓர் அளவு உண்டு என்றொரு கொள்கை, உளவியல் துறையிலே நெடுநாளாக உலவி வந்தது. எல்கே வெபர் என்ற அம்மையார் காலநிலைத் துறையிலே அதனை எடுத்துரைத்தவர்களில் முதன்மையானவர். கொள்கை இதுதான்: மனத்திலே கவலைக்கென்று ஒதுக்கிய இடம் சிறிது, புதிய கவலையொன்று உள்ளே நுழைந்தால், பழைய கவலையொன்று வெளியேறித்தான் ஆகவேண்டும். ஒரு படி நெல் கொள்ளும் படியிலே இரு படி நெல்லை அளக்க முடியுமா? மேலே கொட்டினால் கீழே சிதறும் அல்லவா? அப்படித்தான் மனமும் என்றனர்.

கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. சான்றும் இருந்தது. 2008 இல் அமெரிக்காவிலே வங்கிகள் சரிந்தன; வேலைகள் பறிபோயின; வீடுகள் ஏலத்திற்கு வந்தன. "உலகம் வெப்பமடைகிறதா?" என்ற கேள்விக்கு, அந்த ஆண்டின் இறுதியில் 'ஆம்' என்று கூறிய அமெரிக்கர் நூற்றுக்கு 71 பேர். 2010 ஜனவரியில் அதே கேள்விக்கு 'ஆம்' என்றோர் நூற்றுக்கு 57 பேரே. ஈராண்டு முடியுமுன்னே உலகம் குளிர்ந்துவிடவில்லை. ஆயினும், அது வெப்பமடைகிறது என்ற நம்பிக்கை குளிர்ந்துவிட்டது! வயிறு காயும்போது வானத்தைப் பார்ப்பார் இல்லை என்று அதற்குப் பொருள் உரைத்தனர்.

எனவே, 2020 இலும் அதுவே நிகழும் என எதிர்பார்த்தனர். உயிரச்சம் ஒருபுறம், வேலையின்மை மறுபுறம். இரண்டும் சேர்ந்து நெருக்கும்போது காலநிலைக் கவலை காற்றாய்ப் பறந்துவிடும் என்று கணக்கிட்டனர்.

நிகழ்ந்தது என்ன?

அமெரிக்காவிலே, கொரோனா கொடிகட்டிப் பறந்த 2020 ஏப்ரலில், யேல் பல்கலைக்கழகத்தாரும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தாரும் அதே கேள்வியைக் கேட்டனர். வெப்பமடைகிறது என்றோர் நூற்றுக்கு 73 பேர். குறையவில்லை; அதுவரை கண்ட உச்ச அளவிலேயே நின்றது. அது குறித்துக் கவலை கொள்கிறோம் என்றோர் மூன்றில் இரு பங்கினர்.

பிரிட்டனிலே நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. 1,858 பேரை 2019 ஏப்ரலில் வினவியிருந்தனர். அதே மக்களை 2020 ஜூனில் மீண்டும் வினவினர். இடையிலே நோய் வந்து, நாடு அடைபட்டு, பல்லாயிரவர் மாண்டிருந்தனர். ஆயினும் காலநிலை குறித்த அவர்தம் கவலை தேய்ந்ததற்குச் சான்று ஏதும் பெரிதாகக் கிடைக்கவில்லை. அது மட்டுமன்று, கொரோனாவைக் காட்டிலும் காலநிலை மாற்றமே பெரிய ஆபத்து என்று அவர்கள் மதிப்பிட்டனர். சாவு ஊருக்குள் உலவிக்கொண்டிருந்த வேளையிலே, பொதுமக்கள், கடைக்காரரும் கணக்கெழுதுவோரும் ஓய்வூதியம் பெறுவோரும், நெஞ்சில் கைவைத்துக் கூறிய விடை இது.

இதனினும் நம்மைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. கவலைக்கு அளவுண்டு என்ற கொள்கையை எடுத்துரைத்த எல்கே வெபர், 2023 இல் பிற ஆய்வாளருடன் கூடித் தம் கொள்கையைத் தாமே உரைகல்லில் உரசிப் பார்த்தார். செய்தித்தாள்களையும் மக்களின் பேச்சையும் கருத்துக் கணிப்புகளையும் அலசினர். கண்டது என்ன? மக்களின் கவனம் அளவுடையது. நோய்ச் செய்தி பெருகியபோது காலநிலைச் செய்தி குறைந்தது உண்மை. ஆனால், கவலை குறையவில்லை. நோயைப்பற்றி மிகுதியாகக் கவலைப்பட்டவரே காலநிலை பற்றியும் மிகுதியாகக் கவலைப்பட்டனர்! தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட கொள்கை என்பதற்காக அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை அவர். சான்று எங்கு அழைத்ததோ அங்கு சென்றார். பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோமே, அதன் செயல்வடிவம் இதுவன்றோ?

கவனம் வேறு, கவலை வேறு. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தாய் அடுப்பிலே பாலைக் காய்ச்சுகிறாள். பொங்கும் பாலின்மீது அவள் கண். அந்த நொடியிலே தொட்டிலைப் பார்க்கவில்லை. அதனால் குழந்தையை மறந்துவிட்டாள் என்று எவரேனும் கூறுவரா? கண் ஒரு நேரம் ஓரிடத்தில்தான் நிற்கும். நெஞ்சுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

"அப்படியானால் 2008 இல் மட்டும் ஏன் குறைந்தது?" என்று கேட்கும் தோழருக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். படியளவு என்பது இயற்கை விதியாயிருந்தால், 2008 இல் நிகழ்ந்தது 2020 இலும் நிகழ்ந்திருக்க வேண்டும். கல் மேலிருந்து விழுந்தால் அந்த ஆண்டு ஒன்றும் இந்த ஆண்டு வேறொன்றுமா நிகழும்? நிகழவில்லை என்பதாலேயே அது விதியன்று எனத் தெளிகிறோம். அப்படியாயின் வேறுபாடு எங்கே? கேள்வி மக்கள்முன் எவ்வாறு வைக்கப்பட்டது என்பதிலே என்பது நம் கருத்து. 2008 க்குப் பின் அமெரிக்காவிலே, "வேலை வேண்டுமா, வானிலை வேண்டுமா?" என்று இரண்டையும் பகைவராக நிறுத்திப் பேசினர், நிலக்கரியிலும் எண்ணெயிலும் பொருளீட்டுவோரின் குரல் அதற்குத் துணை நின்றது. 2020 இலோ, மக்கள் வேறொரு பாடத்தைக் கண்ணெதிரே கண்டனர். அறிவியலார் பல்லாண்டு எச்சரித்த ஒரு தீங்கு, 'வராது' என்று ஒதுக்கப்பட்ட ஒரு தீங்கு, உண்மையாகவே வந்து வாயிலில் நின்றது. ஓர் எச்சரிக்கை மெய்யானதைக் கண்டவன், மற்றோர் எச்சரிக்கையை எளிதில் எள்ளி நகையாட மாட்டான்.

எனவே, மக்கள் மனம் குறுகியது என்று கூறிக் கைகழுவ ஆள்வோருக்கு உரிமையில்லை. மனம் குறுகவில்லை. குறுகச் செய்யும் முயற்சிதான் நடக்கிறது.

அந்த நாட்களிலே மற்றொரு மயக்கமும் பரவிற்று. அதனையும் கண்டித்தாக வேண்டும். "மனிதன் அடங்கினான், இயற்கை மூச்சு விட்டது, இது இயற்கை தந்த தண்டனை, பூமித்தாய் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்கிறாள்" என்று படித்தவர்களே பாடத் தொடங்கினர். வெனிஸ் நகரக் கால்வாய்க்கு டால்பின்கள் திரும்பிவிட்டன என்று படம் காட்டினர். அந்தப் படமோ, வெனிசுக்கு வெகு தொலைவிலுள்ள சார்டீனியாத் தீவின் துறைமுகத்தில் எடுக்கப்பட்டது! கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய். தீர விசாரித்தவரே மெய்யைக் கண்டனர்.

இயற்கைக்குச் சினமில்லை, பழிவாங்கும் எண்ணமில்லை, தண்டனைப் புத்தகமும் இல்லை. தண்டனை என்றால் குற்றவாளிக்கல்லவா கிடைத்திருக்க வேண்டும்? நெருக்கடியான குடியிருப்பிலே வாழ்ந்தவனும், பேருந்து ஓட்டியவனும், மருத்துவமனையிலே தரை துடைத்தவளும் அல்லவா முன்வரிசையில் நின்று மாண்டனர்? ஏழையைக் கொன்று மேனாட்டு எண்ணெய் முதலாளியைத் தண்டிக்கும் நீதி எங்குமில்லை. நோயைத் தெய்வத் தண்டனையாகக் கண்ட பழைய மயக்கமே, பச்சை வண்ணம் பூசிக்கொண்டு புதிதாக வந்தது. மாரியாத்தாளுக்குப் பதில் பூமித்தாய், அவ்வளவுதான்!

கணக்கைப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்காது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், உலகின் அன்றாடக் கரியமில வாயு வெளியீடு 2019 இன் சராசரியைவிட நூற்றுக்கு 17 பங்கு குறைந்தது. பெரிதுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: வானூர்தி தரையிலே, மோட்டார்கள் கொட்டகையிலே, மக்கள் வீட்டிலே. ஆயினும் நூற்றுக்கு 83 பங்கு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டுதான் இருந்தது! மின்நிலையம் எரிந்தது, உலைக்கூடம் எரிந்தது. ஆண்டு முழுமைக்கும் கூட்டினால், குறைவு நூற்றுக்கு ஐந்தைச் சற்றே தாண்டியது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளந்து வருகின்றனர். அன்று பத்து இலட்சம் பங்குக் காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு. 2020 மே மாதம் அது 417. அதுவரை இல்லாத உயர்வு! தொட்டியிலே நீர் விழும் வேகம் சிறிது தணிந்தது, விழுவது நிற்கவில்லை, ஆகவே நீர்மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? மக்களைப் பட்டினி போட்டு, வீட்டிலே பூட்டி வைத்துக் காலநிலையைக் காக்க முடியாது, காக்கவும் கூடாது. பஞ்சாபின் ஜலந்தர் நகரிலே, 2020 ஏப்ரலில் தூசி அடங்கி, தொலைவிலுள்ள தௌலாதார்ப் பனிமலை கண்ணுக்குத் தெரிந்தது என்று மகிழ்ந்தனர். மலை தெரிந்தது மகிழ்ச்சியே. அதே நாட்களில் நெடுஞ்சாலைகளிலே, மூட்டையும் முடிச்சுமாய், கைக்குழந்தையைத் தோளில் சுமந்து, நூற்றுக்கணக்கான கல் நடந்த தொழிலாளியும் தெரிந்தான் அல்லவா? அவன் வயிற்றை விலையாகக் கொடுத்து வாங்கிய தூய காற்றை வெற்றி என்று கொண்டாடுவது அறமாகாது. மாற வேண்டியது அவனுடைய வாழ்வு அன்று, எரிகின்ற உலை.

இனி, எதிர்த்தரப்பின் வலிய வாதத்திற்கு வருவோம். நாம் பாடம் சொல்லும் பள்ளியிலே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "காய்ச்சலில் கிடப்பவனிடம் போய்க் கூரை ஒழுகுகிறது என்று சொல்லலாமா?" நல்ல கேள்வி. வகுப்பறை சற்று நேரம் அமைதியாயிற்று. அந்த அமைதியிலே விடையும் பிறந்தது, மற்றொரு மாணவியின் வாயிலிருந்து: "ஒழுகும் கூரையின் கீழேயே படுத்திருந்தால் காய்ச்சல் எப்படித் தீரும்?"

தோழர்களே, அந்தச் சிறுமி சொன்னதிலே செய்தி முழுதும் அடங்கியிருக்கிறது. நோய் வேறு, காலநிலை வேறு என்று நாம் பிரித்து வைத்திருப்பது ஏட்டிலே. பாதிக்கப்படுபவனின் உடலிலே அவை பிரிந்து நிற்பதில்லை. 2020 கோடையில், கொரோனா வாட்டிய அதே இங்கிலாந்திலே, வெப்ப அலை வீசிய நாட்களில், கொரோனாச் சாவுகளை நீக்கிக் கணக்கிட்டும், வழக்கத்திற்கு மேல் ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். பெரும்பாலும் முதியோர். நோய்க்கு அஞ்சி வீட்டினுள் இருக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டினுள்ளேயே வெந்து மடிந்தனர்! எவருடைய நுரையீரலை நச்சுயிரி தேடிச் சென்றதோ, அவருடைய இதயத்தையே வெப்பமும் தேடிச் சென்றது.

வங்கத்தைப் பாருங்கள். 2020 மே 20 ஆம் நாள் ஆம்பன் புயல் கரையேறியது. வங்க தேசத்திலே மட்டும் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களைப் புயற்காப்பு இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். நோய்க்கோ விலகி நிற்க வேண்டும். புயலுக்கோ நெருங்கி ஒண்ட வேண்டும். எதைச் செய்வான் மீனவன்? "முதலில் நோயைக் கவனிப்போம், பிறகு காலநிலையைப் பார்ப்போம்" என்று வரிசை வகுத்த அறிஞரே! புயல் உம்முடைய வரிசைக்குக் காத்திருந்ததா?

"முதலில் இது, பிறகு அது" என்ற வாதம் உலகிலே புதியதன்று. எந்தச் சீர்திருத்தம் எழுந்தாலும் அதன்முன் இந்த வாதம் குறுக்கே வந்து படுக்கும். ஆனால் வரலாற்றிலே அதனைத் தாண்டிச் சென்ற சான்றுகள் உண்டு. மீண்டும் பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 1942 டிசம்பர். ஹிட்லரின் படை ஐரோப்பாவை மிதித்துக்கொண்டிருந்தது. இலண்டன் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. அந்த வேளையிலே பெவரிட்ஜ் என்பவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். போரைப்பற்றியா? இல்லை. வறுமை, நோய், அறியாமை, அழுக்கு, வேலையின்மை என்ற ஐந்து அரக்கர்களை வீழ்த்துவது பற்றி! "போர் முடியட்டும்" என்று தயங்கியோர் இருந்தனர். மக்களோ இலட்சக்கணக்கிலே அந்த அறிக்கையை விலை கொடுத்து வாங்கினர். போர் முடியுமுன்பே, 1944 இல், எல்லாப் பிள்ளைகளுக்கும் உயர்நிலைக் கல்விக்கு வழிவகுத்த கல்விச் சட்டம் நிறைவேறியது. 1948 ஜூலை 5 ஆம் நாள், கட்டணமில்லா மருத்துவம் வழங்கும் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியது.

இதிலே ஒரு நுட்பம் பாருங்கள். 2020 இல் கொரோனா பிரிட்டனைத் தாக்கியபோது, நோயாளியின் தலைமாட்டில் நின்றது எது? குண்டு மழைக்கு நடுவிலே அமர்ந்து, 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளாமல் திட்டமிட்டார்களே, அந்தச் சுகாதாரப் பணிதான்! ஒரு நெருக்கடியின் நடுவே மெல்ல வரும் துன்பத்தைப்பற்றி எண்ணியது, எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மற்றொரு நெருக்கடியிலே உயிர்காத்தது. அவர்களுக்கு இரக்கமில்லை என்று எவர் கூறுவார்? தொலைவை எண்ணுவது இரக்கமின்மை அன்று. இன்னும் பிறவாதவர்க்கும் நீளும் இரக்கம் அது.

மற்றொன்றும் உண்டு. "இப்போது பேசாதே" என்று நம்மிடம் கூறுவோர், தாம் வாளாவிருந்தனரா? எரிகிற வீட்டிலே பிடுங்கியது ஆதாயம் என்பது நம் பழமொழி. 2020 மார்ச் 26 ஆம் நாள், அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஓர் அறிவிப்பு விடுத்தது: நோய்க்காலக் காரணத்தால், தொழிற்சாலைகள் தம் மாசினை அளந்து அறிவிக்கத் தவறினால், அதற்குத் தண்டம் கேட்பதில்லை என்று! காலநிலை குறித்துப் பேச நோய் தடையாயிற்று. மாசினைக் கணக்கிலிருந்து மறைக்க மட்டும் நோய் வழியாயிற்று! ஆகவே, நெருக்கடியிலே பொதுமக்கள் தம் வருங்காலத்தைப்பற்றிப் பேசாதிருந்தால், பேச்சு நின்றுவிடுவதில்லை, பேசுவோர் மாறிவிடுகின்றனர்.

ஆனால், உழைப்பாளி ஒருவன் நம்மைப் பார்த்துக் கேட்கக்கூடும்: "நாளைக் கூலியில்லை; மருந்துக்குக் காசில்லை. இந்தச் சுமையோடு உலகத்தின் சூட்டையும் என் தலைமேல் ஏற்றுகிறீரே, முறையா?" முறையன்று. ஒரு கணமும் தயங்காமல் கூறுகிறோம்: முறையன்று. கவலை வேண்டும் என்று நாம் கூறுவது, எல்லோரும் ஒரே அளவு கவலையைச் சுமக்க வேண்டும் என்பதன்று. ஒருவனுடைய மனம் ஒரு நேரத்தில் நிரம்பிவிடக்கூடும், மறுக்கவில்லை. அதற்காகத்தானே மனிதன் சமுதாயமாகக் கூடி வாழ்கிறான்! ஊரிலே தீப்பிடித்தால் சிலர் நீர் இறைக்கின்றனர். அதே வேளை சிலர் கன்றுகாலிகளை ஓட்டிச் செல்கின்றனர். கிழவி ஒருத்தி குழந்தைகளைக் கூட்டி வைத்துக் காக்கிறாள். தீயணைப்பவன், "கிழவிக்குத் தீயைப்பற்றிக் கவலையில்லை" என்று ஏசுவதில்லை. தனிமனிதனின் மனம் ஒரு படி, சமுதாயமோ களஞ்சியம். களஞ்சியத்தைப் படியென்று எண்ணியதுதான் பழைய கொள்கையின் பிழை. மருத்துவர் நோயாளியைக் கவனிக்கட்டும். கூலியாள் இன்றைய சோற்றைத் தேடட்டும். அந்த நேரத்திலே காலநிலையைக் கவனிக்கவென்றே அமைக்கப்பட்ட அமைச்சகமும் பல்கலைக்கழகமும், சம்பளம் பெறும் அதிகாரியும், ஓய்வு நேரம் உள்ள இளைஞனும், தம் காவலை விட்டு அகலாதிருக்கட்டும். காவலன் உறங்கிவிட்டு, "ஊரார் வேறு கவலையில் இருந்தனர்" என்றால் அதை எவர் ஏற்பர்?

அதற்கும் வழியுண்டு என்பதைக் காட்டியோர் உண்டு. பிரிட்டனின் நாடாளுமன்றக் குழுக்கள் ஆறு சேர்ந்து, மக்கள் பேரவை ஒன்றை அமைத்தன. 108 பேர். தேர்தலில் வென்றோர் அல்லர். குலுக்கல் முறையிலே, ஆண் பெண், முதியோர் இளையோர், கற்றோர் கல்லாதோர், நகரத்தார் சிற்றூரார் எனப் பொதுமக்களின் சாயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோர். 2020 ஜனவரியில் பர்மிங்காம் நகரிலே கூடினர். காலநிலைக்கு என்ன செய்யலாம் என்று அறிஞரிடம் கேட்டனர், தமக்குள் விவாதித்தனர். இடையிலே நோய் வந்தது, கதவு அடைபட்டது. கலைந்தார்களா? இல்லை, அவரவர் வீட்டிலிருந்து கணினி வழியே கூடி எஞ்சிய பணியை முடித்தனர். நோயால் சரிந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த அரசு எடுக்கும் நடவடிக்கைகள், காலநிலைக் குறிக்கோளுக்கும் துணைசெய்வனவாக இருக்க வேண்டும் என்றோர், அவர்களில் நூற்றுக்கு 79 பேர். நோயையும் மறக்கவில்லை, காலநிலையையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒரே ஏரில் பூட்டினர்! எளிய மக்களுக்கு எண்ணிப் பார்க்க இடமும் நேரமும் உண்மையும் கொடுத்தால் அவர்கள் எத்துணை உயர்வர் என்பதற்கு இது சான்று.

பெர்லினிலே, பள்ளி மாணவர்கள் வெள்ளிதோறும் காலநிலைக்காக ஊர்வலம் நடத்தியவர்கள். நோய் காரணமாகக் கூட முடியவில்லை. 2020 ஏப்ரல் 24 ஆம் நாள், ஆயிரக்கணக்கான கோரிக்கை அட்டைகளை நாடெங்குமிருந்து திரட்டி, நாடாளுமன்றத்தின்முன் புல்தரையிலே வரிசையாகப் பரப்பி வைத்தனர். ஆளில்லை, அட்டைகள் மட்டும். பிறர் உயிருக்கு ஊறு செய்யாமல், தம் குரலையும் அடக்காமல், இரு கடமைகளையும் ஒன்றாய் நிறைவேற்றினர் அந்தப் பிள்ளைகள். மொழி நமக்குப் புரியாது. அறம் நமக்குப் புரிகிறது.

இவ்வளவும் கூறியபின், கசப்பான உண்மை ஒன்றையும் கூறித்தான் ஆகவேண்டும். மக்களின் கவலை குறையவில்லை. ஆனால் புகையும் குறையவில்லை. 2021 இல் ஆலைகள் திரும்ப இயங்கின. எரிபொருளாலும் தொழிலாலும் வெளியேறும் கரியமில வாயு நூற்றுக்கு ஆறு பங்கு உயர்ந்து, அதுவரை காணாத அளவைத் தொட்டது. 2022 ஜூலை 19 ஆம் நாள், குளிர்நாடு என்று நாம் படித்த இங்கிலாந்திலே வெப்பம் 40.3 பாகை. 2024 ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்குமேல் சூடேறிய முதல் ஆண்டு என உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

இதன் பொருள் என்ன? கவலைப்படுவது ஒரு பண்பேயன்றிச் செயலன்று. 'நெஞ்சு பதறுகிறது' என்று கூறுவோர் கோடி பேர் இருந்தாலும், பதறும் நெஞ்சங்களை இணைக்கும் அமைப்பு இல்லையேல், அந்தப் பதற்றம் மணலில் விழுந்த நீராகும். குறை மக்களின் இதயத்தில் இல்லை. இதயத்திலிருந்து சட்டமன்றம்வரை செல்லும் வாய்க்கால் தூர்ந்து கிடப்பதில் இருக்கிறது. மக்களைப் பார்த்து, "நீங்கள் கவலைப்படுகிறீர்களா?" என்று ஆண்டுதோறும் கேட்டுக் கணக்கெடுத்தது போதும். "மக்கள் கவலைப்படுகின்றனர், நீவிர் என்ன செய்தீர்?" என்று ஆள்வோரைப் பார்த்துக் கேட்கும் கணக்கெடுப்பு தொடங்கட்டும்.

"இனி என்ன செய்து என்ன? தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?" என்று சிலர் சோர்ந்து பேசுகின்றனர். பழமொழியாயினும் பகுத்தறிவுக்கு ஒவ்வாததை நாம் ஏற்க வேண்டியதில்லை. சாணுக்கும் முழத்துக்கும் வேறுபாடு உண்டு. புவி 1.5 பாகை வெப்பமுற்றால் உலகின் பவளப் பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை அழியும். 2 பாகையானால் 99 க்கு மேல் அழியும் என 2018 இல் பன்னாட்டு அறிஞர் குழு கணித்தது. அரைப் பாகையிலே ஒரு கடல்வாழ் உலகம் தொங்குகிறது! தலைக்குமேல் சாண் அளவு நீரானால், கால்விரலை ஊன்றி எம்பி மூச்சு வாங்கலாம். முழமானால் மூழ்க வேண்டியதுதான். ஆகவே, ஒவ்வொரு சாணுக்கும் போராடுவது அறிவுடைமை. 'எல்லாம் ஒன்றே' என்று படுத்துவிடுவது, விதிவாதத்தின் வேறு பெயர்.

இளைஞர்களே! கொரோனா நெருக்கடி முடிந்தது என 2023 மே 5 ஆம் நாள் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. ஆயினும் மற்றொரு கொள்ளைநோயோ, போரோ, பொருளாதாரச் சரிவோ நாளை வரக்கூடும். வரும்போது மீண்டும் ஒருவர் எழுவார், "இது நேரமன்று, முதலில் இது, பிறகு அது" என்று கூறுவார். அவர் கூற்றிலே பாதி உண்மை இருக்கும். சாகக் கிடப்பவனைக் காப்பது முதற்கடமை என்பது அந்தப் பாதி. அதனை மறுக்காதீர்கள், முந்திச் சென்று நோயாளிக்கு மருந்தும் சோறும் கொண்டு கொடுங்கள். அதன் பின்னர், மறுபாதியை எடுத்துச் சொல்லுங்கள்: மக்களின் நெஞ்சு ஒரு படி நெல்லன்று, இரு துன்பங்களையும் ஏந்தும் வலிமை அதற்கு உண்டு, 2020 இல் சாவின் நடுவே நின்று அவர்கள் அதனை மெய்ப்பித்தார்கள் என்று.

அளந்து அளந்து கவலைப்படச் சொல்வோர் ஆளட்டும் என்று விட்டுவிட்டால், வருங்காலத் தலைமுறைக்கு அவர்கள் மூச்சையும் அளந்துதான் கொடுப்பர். காய்ச்சலையும் தணிப்போம், கூரையையும் வேய்வோம். இரண்டுக்கும் கைகள் இருக்கின்றன. ஒன்றுசேர்க்க வேண்டியதே நம் வேலை.